குடியிருப்பவரை நீக்கவும்

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "போட்டோ எடிட்டிங்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். கல்யாண ஆல்பமா என்பார்கள். ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் செய்வது துப்புரவு வேலை. அமெரிக்காவில் யாரோ வீட்டை விற்கிறார்கள், யாரோ போய்ப் படம் எடுக்கிறார்கள், அந்தப் படங்கள் ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடிக்கு, என் வீட்டு ஹாலுக்கு வந்து சேரும். கழற்றிப் போட்ட செருப்பு, குப்பைக்கூடை, ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டு, நிலைக்கண்ணாடியில் தெரியும் படமெடுத்தவரின் தொந்தி, எல்லாவற்றையும் துடைத்தெடுப்பேன். மழை வானத்தைக் கழற்றிவிட்டு நீல வானத்தை மாட்டி அனுப்புவேன். பதினொரு வருஷமாக இதே பிழைப்பு. கால் வைத்தே பார்க்காத ஒரு நாட்டில் எத்தனையோ வீடுகளின் குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். விற்கிறவரோடு போகப்போவதை அழிக்கலாம், வீட்டோடு இருக்கப்போவதை அழிக்கக் கூடாது. சோபாவை எடுக்கலாம், சுவர் விரிசலை எடுக்கக் கூடாது. காரை எடுக்கலாம், வாசலுக்கு நேரே நிற்கும் மின்கம்பத்தை எடுக்கக் கூடாது. எடுத்தால் வாங்குகிறவர் கேஸ் போட்டுவிடுவார். இதை முதல் தடவை அப்பாவுக்கு விளக்கியபோது அவர் சிரித்தார்.

"எங்க லைன்லயும் இதேதாண்டா. டிக்கெட் இருக்கறவன் உக்காந்திருப்பான், இல்லாதவன் இறங்கிக்குவான்" என்றார்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து, செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறினால், படியிலிருந்து ஒரு பார்வையிலேயே டிக்கெட் எடுக்காதவன் யார் என்று சொல்லிவிடுவாராம். அந்தக் கண் போகவேயில்லை. அம்மா இறந்த பிறகு நான்தான் அவரை இங்கே வரவழைத்தேன். "இனிமே அங்க யாருப்பா இருக்கா" என்று பேசிப் பேசி, டெப்போவுக்குப் பின்னால் இருந்த எங்கள் சின்ன வீட்டையும் விற்கச் சொன்னவன் நான்தான். ஒரே பிள்ளை சொன்னால் கேட்கத்தானே வேண்டும். கேட்டார்.

வந்த புதிதில் பொழுது போகாமல் என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தவர், போகப் போக என் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார். நான் முடித்துவிட்டேன் என்று நினைத்த படத்தை முன்னால் குனிந்து பார்ப்பார். "அந்தக் கெட்டில்ல பாரு, ஒரு கை தெரியுது" என்பார். இருக்கும். "கட்டிலுக்கு அடியில நாயி" என்பார். வாலின் நுனி மட்டும் தெரியும். அவர் வந்த பிறகு என் வேலையில் ஒரு படம்கூடத் திரும்பி வந்ததில்லை. கம்பெனியில் என்னைப் பாராட்டினார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

துபாய் சத்வாவில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கும் என் மனைவி, காலையில் பஸ் பிடிக்கப் போனால் சாயங்காலம்தான் வருவாள். பகல் முழுக்க நானும் அப்பாவும்தான். ஆறு வருஷம் இப்படிப் போனது.

போன வருஷம் கம்பெனியில் ஒரு சாப்ட்வேர் வாங்கினார்கள். நான் முக்கால் மணி நேரம் செய்வதை அது கண் மூடித் திறப்பதற்குள் செய்யும். பாதிப் பேரை அனுப்பிவிட்டு, "பாய், உங்களை வைத்துக்கொள்கிறோம், சம்பளம் மட்டும் பாதி" என்று ஹிந்தியில் சொன்னார் சூப்பர்வைசர். சாப்ட்வேர் சொதப்புகிற படங்கள் மட்டும் எனக்கு வரும் என்று ஏற்பாடு. அந்தச் சம்பளத்தில் இரண்டு பெட்ரூம் வீடு கட்டுப்படியாகாது. ஒரு பெட்ரூமுக்கு மாறினால் அப்பாவின் விசா புதுப்பிக்க முடியாது. பெற்றோர் விசாவுக்கு அவர்களுக்கென்று தனி அறை காட்ட வேண்டும் என்று விசா விண்ணப்பம் அடித்துக்கொடுக்கும் டைப்பிங் சென்டரில் சொன்னார்கள்.

வழியே இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். தேடியிருந்தால் ஏதாவது வழி கிடைத்திருக்கும். தெரிந்த குடும்பத்தோடு சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கலாம். நாங்களே மூட்டை கட்டியிருக்கலாம். நான் தேடவில்லை. பகல் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பது எனக்குச் சலித்துப்போயிருந்தது. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நிஜம்.

திருச்சியில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, சுத்தமாக இருக்கும், மூன்று வேளைச் சாப்பாடு, தானே விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போய்ச் சேர்த்துவிடுவதாகச் சொன்னான். "பெரியப்பாகிட்ட நீ சொல்லிடு" என்றான்.

நான் சொல்லவில்லை. "வீடு மாத்தறோம்ப்பா. சாமான் எல்லாம் கலைஞ்சு கிடக்கும், உங்களுக்குத்தான் கஷ்டம். ரெண்டு மாசம் ஊர்ல சித்தப்பா பையன் வீட்ல இருந்துட்டு வாங்க" என்றேன். "சரிடா" என்றார். மனைவி அன்றைக்குச் சமையலறையில் வைத்துக் கேட்டாள்: "ஏன் இப்படிப் பொய் சொல்றீங்க? நேரா சொன்னா அவரு புரிஞ்சுக்குவாரு." புரிந்துகொள்வார் என்பதுதான் எனக்குப் பயம். அவர் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம்.

விசா கேன்சலுக்குக் கொடுத்துவிட்டு வந்த வாரத்தில்தான் அந்த ஏரிக்கரை வீடு வந்தது. சாப்ட்வேர் சொதப்பி எனக்குத் தள்ளிவிட்ட வேலை. மொத்தம் நாற்பது சொச்சம் படங்கள். 'டியூடர் ரிவைவல்' என்று போட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் எப்போதோ கட்டிய வீடுகளைப் பார்த்து அமெரிக்காவில் பல தலைமுறை கழித்துக் கட்டிய நகல். நகலுக்கே வயது ஏறிவிட்டதால் இப்போது அது 'வரலாற்றுச் சிறப்புமிக்க இல்லம்'. செங்குத்தான கூரை, செங்கல் புகைபோக்கி, சாய்சதுரச் சில்லுகளாக ஈயப்பட்டி கட்டிய ஜன்னல்கள். வெள்ளைச் சுவரின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச் சட்டங்கள்.

"என்னடா வீடு இது, எலும்பெல்லாம் வெளியே தெரியுது" என்றார் அப்பா.

ஆனால் அவருக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி நிறுத்திக் காட்டச் சொன்னார். மாடிப்படியின் கைப்பிடியில் ஒரு இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. "அங்கதான் கை வச்சு இறங்கியிருக்காங்க, எல்லாரும் ஒரே இடத்துல" என்றார். பின்பக்கம் புல்வெளி சரிந்து போய் ஏரியில் முடியும். அன்றைக்கு மேகமூட்டம் போலிருக்கிறது, ஏரி அலுமினியத் தட்டு மாதிரி கிடந்தது. அதை நீலமாக்கச் சொல்லிக் குறிப்பு. வானம், ஏரி, வாசலில் கிடந்த ரப்பர் குழாய், குளியலறையில் மாட்டியிருந்த பிடிகம்பி என்று வரிசையாக எழுதிவிட்டுக் கடைசி வரியில் இப்படிப் போட்டிருந்தது: குடியிருப்பவரை எல்லாப் படங்களிலிருந்தும் நீக்கவும்.

குடியிருப்பவர் ஒரு கிழவர். ஏரியைப் பார்த்த பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியில், மடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படமெடுக்க வந்தவர் நகரச் சொல்லியிருப்பார், இவர் நகர மறுத்திருப்பார், அல்லது நகர முடியாதவராக இருப்பார். சாப்ட்வேர் அவரை ஒரு மாதிரி அழித்திருந்தது. ஆள் போய்க் கம்பளி மட்டும் அந்தரத்தில் நின்றது. அதனால்தான் என்னிடம் வந்தது.

ஒருவரை அழிப்பது என்பது அவர் மறைத்துக்கொண்டிருந்ததைப் புதிதாக வரைவது. நாற்காலியின் சாய்மானத்தை நான் பார்த்ததே இல்லை, அது எப்படி இருக்கும் என்று நானே கற்பித்து நிரப்ப வேண்டும். பக்கத்திலிருக்கும் தோலில் ஒரு துண்டு, மரத்தில் ஒரு துண்டு என்று எடுத்து ஒட்டிக்கொண்டே வந்தேன். முகத்தை முதலில் எடுத்துவிடுவது என் வழக்கம். முகம் போய்விட்டால் மீதி வெறும் துணிதான், கை தயங்காது. தரையில் விழுந்த நிழல்தான் கடைசிவரை படுத்தும்.

பாதி வேலையில் அப்பா கேட்டார்.

"இவரு எந்தக் கணக்குடா? போறதா, இருக்கறதா?"

"போறதுதான்ப்பா. அதனாலதான் எடுக்கச் சொல்றாங்க."

"வீட்டை விக்கிறாங்கன்னா இவரு எங்க போவாரு?"

"பிள்ளைங்க இருப்பாங்க. இல்லாட்டி அங்கெல்லாம் நல்ல நல்ல ஹோம் இருக்கு."

அப்பா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அவருகிட்ட சொல்லியாச்சாமா?" என்றார்.

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்" என்று கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். எரிச்சல் எனக்கு எப்போதும் கைகொடுக்கும். அதைக் காட்டினால் வீட்டில் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

அவரும் மேலே கேட்கவில்லை. ஆனால் எழுந்து போகவுமில்லை. அடுத்த படத்தில் புத்தக அலமாரியின் கண்ணாடியில் கிழவரின் தோள் தெரிந்தது, அதை நானே கண்டுபிடித்து எடுத்தேன். எல்லாவற்றையும் முடித்து அனுப்பப் போகும்போது அப்பா புல்வெளியிலிருந்து எடுத்த படத்தைத் திரும்பக் காட்டச் சொன்னார். முழு வீடும் தெரிகிற படம், விளம்பரத்தில் முதலில் வருவது அதுதான். கீழே அந்த ஜன்னலில், ஒரு விரல் நகம் அளவுக்கு வெளுப்பாக ஒரு முகம்.

"ரெண்டு தடவை இறக்கிவிட்டும் ஏறிட்டாரு பாரு" என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இவ்வளவு சின்னதா இருக்காரே, யாருக்குத் தெரியப்போவுது. இருந்துட்டுப் போகட்டும்டா" என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். தேநீருக்குச் சர்க்கரைகூடக் கேட்டவரில்லை. நான் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்துச் சில்லிலிருந்து கண்ணாடியின் பச்சையை எடுத்து அந்த முகத்தின் மேல் வைத்தேன். ஒரே ஒரு க்ளிக். "திரும்பி வந்தா சம்பளத்துல பிடிப்பாங்கப்பா" என்றேன். இதுவும் பொய். அந்த அளவு முகத்தை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். எப்போதும் அதை ஹாலிலேயே விட்டுவிட்டுத்தான் போவார்.

இரண்டு நாள் கழித்து விளம்பரம் இணையத்தில் ஏறியது. திறந்து பார்த்தேன். வானம் நீலம், ஏரி நீலம், ஜன்னலுக்குப் பக்கத்தில் காலி நாற்காலி. சாய்மானத்தை ரொம்ப நன்றாகவே செய்திருந்தேன். அமைதியான வாழ்க்கையைத் தேடுபவர்களுக்கு ஏற்றது என்று கீழே எழுதியிருந்தது.

அன்றைக்குப் பால் வாங்கக் கீழே இருக்கும் பக்காலாவுக்குப் போனேன். அந்த மளிகைக் கடையை நடத்துகிற கேரளாக்காரருக்கும் அப்பாவுக்கும் நல்ல பழக்கம். இவர் தமிழும் அவர் மலையாளமுமாக மணிக்கணக்கில் பேசுவார்கள். பாலை எடுத்து வைத்தவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்பா இனி வரில்லே?"

"ரெண்டு மாசத்துல வந்துடுவாரு சேட்டா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லையே. விசா கேன்சல்னு மெசேஜ் வந்நு. போன வாரம் அப்பா போனைக் கொண்டு வந்து, இது எந்தாணுன்னு கேட்டு. ஞான் தன்னே வாசிச்சுக் கொடுத்தது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதன்முதலாக விசா எடுத்தபோது, அவருக்கென்று ஒரு சிம் வாங்கிக் கொடுத்த பெருமையில், அப்ளிகேஷனில் அவர் நம்பரையே எழுதியிருந்தேன். இப்போது டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து கேன்சலுக்குக் கையெழுத்துப் போட்டபோது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அரசாங்கம் ஒழுங்காக அவருக்கே செய்தி அனுப்பிவிட்டது. நான் சொல்லாததை அது சொல்லிவிட்டது. தேதியைக் கணக்குப் பார்த்தேன். அந்த வீடு எனக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவருக்குத் தெரியும்.

பால் பாக்கெட்டோடு மாடியேறினேன். லிப்ட் வேலை செய்தது, ஆனாலும் ஏறித்தான் போனேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று, இன்றைக்குச் சொல்லிவிடுவது, காலைப் பிடித்தாவது சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டேன். உள்ளே போனபோது அப்பா கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தார். பனிக்காலத்துக்கு வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதை இங்கயே வச்சிரு. ரெண்டு மாசம்தானே, அங்க எதுக்கு. நாலு வேட்டி போதும்ல?"

என் முகத்தை அவர் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். படியில் நின்று மொத்த பஸ்ஸையும் அளக்கிற பார்வை. டிக்கெட் இல்லாதவன் யாரென்று தெரிந்துவிட்டது, ஆனால் இன்றைக்கு இவனை இறக்கிவிட வேண்டாம் என்று அவரே தீர்மானித்துவிட்டார். எனக்கு ஒரு வழி திறந்து கொடுத்தார். அவர் செய்த உதவியிலேயே மோசமான உதவி அது. நான் நாய் மாதிரி அதில் நுழைந்தேன்.

"போதும்ப்பா. ரெண்டு மாசம்தானே" என்றேன்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருந்தேன். நன்றாக நடப்பவர்தான், இருந்தாலும் தனியாகப் போகிறாரே என்று. கூடப் போக லீவு கிடைக்கவில்லை என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நான் லீவு கேட்கவேயில்லை. மனைவி அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்து, "உடம்பைப் பார்த்துக்கம்மா, மத்தியானம் சாப்பிடாம இருக்காதே" என்றார். என்னிடம், "புது வீட்ல வெளிச்சம் வர்ற பக்கமா மேசையைப் போட்டுக்க, கண்ணு போயிடும்" என்றார். அவ்வளவுதான். நாற்காலியைத் தள்ளியவர் நேபாளி, சின்ன வயசு, வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அப்பா திரும்பிப் பார்க்க முயன்றாரா என்று தெரியவில்லை. நாற்காலியின் முதுகு உயரமாக இருந்தது.

அன்றைக்கே சித்தப்பா மகன் போன் செய்தான். சேர்த்துவிட்டதாகவும், ஃபார்மைப் பெரியப்பாவே வாங்கிப் பூர்த்தி செய்துகொடுத்தார் என்றும் சொன்னான். "உன்னை ஒண்ணும் கேக்கலடா. அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றான். இங்கத்து சிம் அங்கே வேலை செய்யாது. புது நம்பர் வாங்கித் தரேன் என்றதற்கு, யார்கிட்ட பேசப்போறேன், வேண்டாம் என்றாராம். அவன் இல்லத்தின் அலுவலக நம்பரைக் கொடுத்தான்.

உடனே கூப்பிடவில்லை. கொஞ்சம் பழகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடு மாற்றினோம். மேசையைச் சுவரோரம் போட்டேன், வேறு இடமில்லை. வேலை வந்துகொண்டிருந்தது. ஒரு படத்தைக்கூட இரண்டாம் தடவை பார்க்காமல் அனுப்பினேன், அதில் பாதி திரும்பி வந்தது. இரண்டு வாரம் ஆகியிருக்கும், மனைவி என் எதிரில் வந்து நின்று போனை மேசையில் வைத்தாள். "இப்பப் பேசுங்க. இல்லாட்டி நான் பேசுறேன்" என்றாள். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்து நின்று கூப்பிட்டேன்.

ஒரு பெண் எடுத்தாள். அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"ஆமாங்க, இருக்காரு. நல்லா இருக்காரு. கேரம் போர்டுல எல்லாரையும் தோக்கடிக்கிறாரு. நீங்க யாருங்க?"

அவளே தொடர்ந்தாள். "தப்பா நினைக்காதீங்க, புதுசா யாரு கூப்பிட்டாலும் எழுதி வைக்கணும். அவரு ஃபார்ம்ல மனைவி காலமாயிட்டாங்க, பிள்ளைங்க யாரும் இல்லைன்னு எழுதியிருக்காரு. கொண்டாந்து விட்டவரையும் தெரிஞ்சவருன்னுதான் போட்டிருக்காரு. அதான் கேட்டேன். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அவர் கோபத்தில் எழுதினாரா, பிள்ளை இருந்தும் இவர் இங்கே வந்து கிடக்கிறாரே என்று யாரும் என்னைப் பேசிவிடக் கூடாது என்று எழுதினாரா, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. மகன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவரைப் பொய்யராக்க மனமில்லை என்று மனைவியிடம் பிற்பாடு சொன்னேன்.

"ஷார்ஜாவுல அவரும் நானும் ஒரே ரூம்ல இருந்தோங்க" என்றேன்.

"அப்படிங்களா! இருங்க, இருங்க, கூப்பிடுறேன். வந்ததுல இருந்து அவருக்கு ஒரு போன்கூட வரலைங்க" என்று அவள் சந்தோஷமாக உள்ளே போனாள். "ஐயா, உங்க ரூம்ல இருந்தவரு பேசுறாரு" என்று சத்தமாகச் சொல்வது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் அவசரமில்லாமல் வந்து நின்றது. போனைக் கையில் எடுக்கிற சத்தமும் கேட்டது. "யாரு?" என்றார் அப்பா.

நான் வைத்துவிட்டேன்.